பாவடியில் ஆடிய பூப்பந்து: எங்கள் கிளப்பின் வரலாற்றைத் திரட்டிய அனுபவம்

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் மூன்று தலைமுறையாக ஒரு பூப்பந்துக் கிளப் இருக்கிறது. அதில் ஆடி ரயில்வேயில் வேலைக்குப் போனவர்கள் உண்டு, போலீசில் சேர்ந்தவர்கள் உண்டு, கடைசிவரை தறியை விட்டு நகராமல் மாலையில் மட்டும் மட்டையைத் தூக்கியவர்களும் உண்டு. ஆனால் கிளப்பைப் பற்றி எழுதிவைத்தது என்று ஒரு பக்கம்கூடக் கிடையாது. முதல் தலைமுறை ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்க, நானும் இரண்டு நண்பர்களும் உட்கார்ந்து இதை எழுதியே தீர்வது என்று முடிவு செய்தோம். அந்த வேலையில் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன். கபடிக் குழு, வாலிபால் கிளப், ஹாக்கி டீம் என்று உங்கள் ஊரில் எது இருந்தாலும் இதில் பாதியாவது உங்களுக்கும் பொருந்தும்.

பூப்பந்து பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து, எடை 27 முதல் 30 கிராம். பக்கத்துக்கு ஐந்து பேர். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் வலை, கோர்ட் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். பந்து தரையில் படக் கூடாது. தஞ்சாவூர் அரச குடும்பத்திடமிருந்து வந்த ஆட்டம் என்பார்கள். அகில இந்தியக் கூட்டமைப்பு 1954ல் ஏற்பட்டது. 1970ல் ஜே. பிச்சையா இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கினார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். செலவு குறைந்த ஆட்டம், வெளியே மண்ணில் ஆடுவது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இது வேர்விட்டதற்கு அதுதான் காரணம்.

வரலாறு எழுதப் போகிறோம் என்று தெரிந்ததும் எல்லோரும் கொண்டுவந்து கொடுத்தது கப்பும் ஷீல்டும்தான். மூட்டை கட்டிவைத்திருந்த கப்புகள், முலாம் போனவை, கைப்பிடி உடைந்தவை. துடைத்து, அடியில் பொறித்ததைப் படித்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். எழுதி முடித்துப் பார்த்தால் அது வெறும் பட்டியலாக இருந்தது. எந்த ஊர், எந்த வருடம், முதலிடமா இரண்டாமிடமா, அவ்வளவுதான். பல கப்புகளில் வருடம்கூட இல்லை. ஒருவர் இறந்தபோது அவர் நினைவாகக் கொடுத்த சுழற்கோப்பையில் கொடுத்தவர் பெயர் இருந்தது, ஜெயித்தவர்கள் பெயர் இல்லை.

இதை மாற்றிவிட்டவர் கிளப்பின் பழைய சென்டர் ஆட்டக்காரர் ஒருவர். எண்பது வயதைத் தாண்டியவர், நாங்கள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். கப்பு விவரம் கேட்கப் போனபோது அவர் சொன்னது இது: "இன்னா தம்பி, கப்பு கணக்கே கேக்கற, கிரவுண்டு கணக்கு கேக்கமாட்டேன்ற? கிரவுண்டு இருந்திச்சி, ஆடனோம். இல்லாத வருசம் ஆடல. அவ்ளோதான் கதை."

அன்றிலிருந்து நாங்கள் மைதானத்தைப் பின்தொடர்ந்தோம். சின்ன ஊர் கிளப்புக்குச் சொந்தக் கட்டடம் இருக்காது, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் இருக்கமாட்டார், வங்கியில் பணம் இருக்காது. இருப்பது ஒரு துண்டு நிலம். அதுவும் யாரோ ஆடவிட்ட நிலம். அந்த நிலம் யாருடையது, எப்போது கிடைத்தது, எப்போது போனது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் அதன் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. எந்த ஊர் கிளப்புக்கும் இதையே முதல் வேலையாகச் செய்யச் சொல்வேன்.

எங்கள் முதல் மைதானம் பாவடி. நெசவாளர் தெருக்களில் பாவடி என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை நீளமாக விரித்து, கஞ்சி போட்டு, புருசு இழுத்து, காயவைக்கும் திறந்தவெளி அது. விடியற்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். அப்புறம் நாள் முழுக்க அந்த இடம் காலி. தறிச் சத்தம் நின்ற பிறகு மாலையில் அங்கேதான் வலை கட்டினார்கள்.

பாவடி பூப்பந்துக்கென்றே அமைந்த மாதிரி இருந்திருக்கிறது. கல்லோ முள்ளோ கிடந்தால் நூல் அறுந்துபோகும் என்பதால் அந்த மண்ணைத் தினமும் பெருக்கி வைத்திருப்பார்கள். மேடுபள்ளம் இருக்காது. பாவு வெயிலில் விறைத்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் மரம் வளர்த்திருப்பார்கள். 30 கிராம்கூட இல்லாத கம்பளிப் பந்துக்குக் காற்றுதான் முதல் எதிரி. மரவரிசை அந்தக் காற்றைத் தடுத்தது. வேறு தெருக்காரர்கள் திறந்த ஏரிக்கரையில் ஆடிப் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தபோது எங்கள் ஆட்கள் பந்தை வைத்த இடத்தில் வைக்கப் பழகினார்கள். எங்கள் கிளப்பின் ஆட்டத்துக்கு ஒரு பாணி உண்டு. வேகமாக அடிப்பதைவிட ஆள் இல்லாத மூலையில் பந்தை இறக்குவதில் கெட்டிக்காரர்கள். அந்தப் பாணி அந்த இடத்தில் பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கப்பு எண்ணிக்கொண்டிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

பெரியவர்களிடம் வருடம் கேட்டு எந்தப் பயனும் இல்லை. இடம் கேட்க வேண்டும். முடிந்தால் அவர்களை அந்த இடத்துக்கே அழைத்துப்போக வேண்டும். பெரியப்பாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். இன்றைக்கு அங்கே வீடுகள்தான் இருக்கின்றன. அவர் ஒரு வீட்டு வாசலில் நின்று, கம்பம் இங்கே, உருளை அந்த வேப்பமரத்தடியில், பந்து போய் விழும் கிணறு அதோ என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது வராத பெயர்கள் அங்கே நின்றபோது தானாக வந்தன. கூட வந்த பையன் ஒரு காகிதத்தில் படம் வரைந்தான், பெரியப்பா திருத்தினார். எங்கள் புத்தகத்தில் இன்று முதல் பக்கமாக இருப்பது அந்தப் படம்தான்.

அதில் ஒரு எதிர்பாராத துப்பும் கிடைத்தது. பாவடி கிழக்கு மேற்காக நீண்டது, கோர்ட்டையும் அப்படியேதான் போட்டிருக்கிறார்கள். மாலையில் ஒரு பக்கத்து ஆட்டக்காரர்களுக்கு நேரே கண்ணில் வெயில். டாஸ் ஜெயித்தவர்கள் எந்தப் பக்கம் எடுப்பார்கள் என்பது பற்றியே ஏகப்பட்ட கதைகள். பிறகு கிடைத்த மைதானத்தில் கோர்ட் வடக்கு தெற்காக இருந்ததால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆகவே யாராவது பழைய மேட்ச் ஒன்றைச் சொல்லும்போது வெயில் கண்ணில் அடித்தது என்று வந்தால் அது பாவடிக் காலம். வருடம் தெரியாத பல சம்பவங்களை இப்படித்தான் பிரித்து வைத்தோம். உங்கள் ஆட்டத்துக்கும் இதுபோல மைதானத்தோடு ஒட்டிய அடையாளம் ஒன்று இருக்கும். தண்ணீர்க் குழாய், ரயில் சத்தம், பள்ளிக்கூட மணி என்று எதுவாகவும் இருக்கலாம்.

பாவடி ஏன் போனது? ஆலையில் கஞ்சி போட்டுச் சுற்றிய பாவு வாங்க ஆரம்பித்ததும் தெருவில் பாவு விரிக்கும் தேவை குறைந்தது. விசைத்தறி வந்ததும் அது இன்னும் குறைந்தது. காலையில் ஆளில்லாத நிலத்துக்கு மாலையிலும் மதிப்பு போய்விட்டது, மனையாகப் பிரிந்தது. கிளப் உடைந்ததற்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். இரண்டு பேருக்குள் சண்டை என்பார்கள், டிவி வந்தது என்பார்கள். நிலத்தின் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சண்டை வந்ததும் மைதானம் போன பிறகுதான்.

நிலம் கைமாறிய காலத்தைப் பத்திரங்களில் பார்க்கலாம். அதற்கு முதலில் சர்வே எண் வேண்டும். அந்த இடத்தில் இப்போது குடியிருப்பவர் ஒருவரின் பட்டாவையோ பத்திரத்தையோ பார்த்தால் எண் கிடைத்துவிடும். அதை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். இணையத்தில் இல்லாத அளவுக்குப் பழைய பதிவென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும். உட்பிரிவுகள் எந்த ஆண்டு தொடங்கின என்று பார்த்தாலே மைதானம் எப்போது மனையானது என்று தெரியும். வாங்கியவர் விற்றவர் பெயரையெல்லாம் வரலாற்றில் எழுத வேண்டியதில்லை, நாங்கள் எழுதவில்லை. நமக்கு வேண்டியது காலம் மட்டும்.

அடுத்து, வருடம் கண்டுபிடிப்பது. பெரியவர்களுக்கு ஆண்டு எண் நினைவில் நிற்பதில்லை, சம்பவம் நிற்கும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் பொதுவான ஆணி, காமராஜர் முதலமைச்சராக இங்கே நின்று ஜெயித்த இடைத்தேர்தல். அது 1954. "காமராசர் எலெக்‌ஷனுக்கு அடுத்து", "அதுக்கு முன்ன" என்று பேச்சு வரும்போது அதைப் பிடித்துக்கொள்ளலாம். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். "அந்த டோர்னமெண்டு பாதில நின்னுபோச்சி, பஸ் இல்ல, நடந்தே வந்தோம்" என்று ஒருவர் சொன்னதை அதில் பொருத்தினோம். இன்னொரு ஆணி கெங்கையம்மன் சிரசு திருவிழா. அது வைகாசி முதல் தேதி, ஆங்கிலக் கணக்கில் மே மாதத்தின் நடுவில் வரும். சிரசு முடிந்த மறுநாள் ஃபைனல் என்றால் நாள் கிடைத்துவிட்டது, வருடம் மட்டும் தேட வேண்டும். பேட்டி எடுக்கப் போகும் முன் உங்கள் ஊருக்கென்று இப்படிப் பத்துப் பன்னிரண்டு சம்பவங்களைத் தேதியோடு எழுதி எடுத்துப்போங்கள். வெள்ளம், தேர்தல், கும்பாபிஷேகம், தியேட்டர் திறந்தது, எது வேண்டுமானாலும் சரி.

நினைவைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மாவட்டப் பெயர். நம் பக்கத்துக்காரர்களுக்கு இது ஒரு வரம். எங்களிடம் இருந்த சான்றிதழ்களில் பாதிக்கு மேல் தேதி அழிந்தவை. ஆனால் தலைப்பில் மாவட்டப் பெயர் இருந்தது. வட ஆற்காடு மாவட்டம் என்று மட்டும் இருந்தால் 1989 செப்டம்பருக்கு முந்தையது. அந்த மாதக் கடைசியில்தான் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம், மற்றது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். ஆகவே அம்பேத்கர் பெயரோடு இருந்தால் 1989க்குப் பிறகு. 1990களின் பின்பாதியில் அது வேலூர் மாவட்டம் என்றானது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. எங்கள் குடியாத்தம் வேலூரிலேயே நின்றது. இன்னும் பின்னால் போனால், மெட்ராஸ் ஸ்டேட் என்று அச்சிட்டிருந்தால் அது 1969 ஜனவரிக்கு முந்தையது, அப்போதுதான் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது. இந்தப் பெயர்களை மட்டும் வைத்தே தேதியில்லாத சான்றிதழ்களை நான்கு கட்டாகப் பிரிக்க முடிந்தது.

இதில் தேதியைவிட முக்கியமான ஒன்று உண்டு. பழைய சான்றிதழில் மாவட்ட முதலிடம் என்று இருப்பதை இன்றைய மாவட்டத்தை மனதில் வைத்துப் படிக்கக் கூடாது. அன்றைய வட ஆற்காடு என்பது இந்தப் பக்கம் வாணியம்பாடி, திருப்பத்தூர், அந்தப் பக்கம் அரக்கோணம், தெற்கே ஆரணி, செய்யாறு, திருவண்ணாமலை எல்லாம் சேர்ந்தது. அந்த ஊர் டீம்களையெல்லாம் தாண்டித்தான் அந்த முதலிடம். இன்று அது நான்கு மாவட்டங்களின் பரப்பு. பெரியப்பா போன்றவர்கள் மாவட்டம் ஜெயித்தோம் என்று அடக்கமாகச் சொல்வதன் எடை இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. புத்தகத்தில் பழைய மாவட்டத்தின் வரைபடம் ஒன்றைப் போட்டு, எதிர்த்து ஆடிய ஊர்களைக் குறித்துவைத்தோம். பேரப்பிள்ளைகள் அதிக நேரம் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இதுபோன்ற துப்புகள் இன்னும் பல உண்டு. லெட்டர்பேடில் 632 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது, பின்கோடு முறை அப்போதுதான் வந்தது. அச்சிட்ட நோட்டீசில் லை, னை, ணை எழுத்துகள் பழைய கொம்போடு இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன். இதில் கொஞ்சம் கவனம் தேவை. அரசாணை வந்த பிறகும் பழைய அச்செழுத்தை வைத்து ஓட்டிய அச்சகங்கள் இருக்கும், கையெழுத்திலோ பெரியவர்கள் சாகும்வரை பழைய மாதிரியே எழுதினார்கள். எழுத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஒரு குரூப் போட்டோவில் டீமுக்குப் பின்னால் ஒரு பஸ் நிற்கிறது, பக்கவாட்டில் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்ற எழுத்து பாதி தெரிகிறது. போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தது 1997ல். போட்டோவில் இருந்த யாருக்கும் வருடம் ஞாபகமில்லை, அதற்கு முந்தைய படம் என்று பஸ் சொல்லிவிட்டது. ஸ்கோர் எழுதிய தாள்களும் உதவும். பழைய ஆட்டம் 29 புள்ளிக்கு, இப்போது 35க்கு.

கிளப் தொடங்கிய வருடம் எது என்பதில்தான் பெரிய விவாதம். பதிவுச் சான்றிதழில் இருக்கும் ஆண்டுதான் கிளப் பிறந்த ஆண்டு என்று இளைஞர்கள் சொன்னார்கள். அப்படியில்லை. சங்கப் பதிவு என்பது ஆட்டம் ஆரம்பித்து வெகுகாலம் கழித்து, பெரும்பாலும் மாவட்டச் சங்கத்தில் இணைவதற்கோ யாரிடமாவது உதவித்தொகை வாங்குவதற்கோ செய்துகொள்வது. இப்போதுள்ள பதிவுகள் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருபவை. ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பதிவு எண்ணிலேயே ஆண்டு சேர்ந்திருக்கும். கையில் சான்றிதழ் இல்லையென்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். அதை வாங்குவது நல்லது, ஏனென்றால் முதல் நிர்வாகக் குழுவின் பெயர்கள் முழுதாக, தகப்பனார் பெயரோடு, தொழிலோடு அதில் இருக்கும். எங்கள் குழுவில் நெசவாளர், மளிகைக் கடைக்காரர், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், தீப்பெட்டிக் கம்பெனிக் கணக்கர் என்று எல்லோரும் இருந்தது அப்படித்தான் தெரியவந்தது. தொடக்கத்தைப் பற்றி நாங்கள் எழுதியது இரண்டு வரி. காமராஜர் தேர்தலை ஒட்டிய ஆண்டுகளில் பாவடியில் ஆட்டம் தொடங்கியதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று ஒன்று. கையில் இருக்கும் மிகப் பழைய தாள் மெட்ராஸ் ஸ்டேட் காலத்துச் சான்றிதழ் என்று மற்றொன்று. எது சொன்னது, எது தாள் என்று பிரித்து எழுதிவிட்டால் சண்டை அடங்கிவிடுகிறது.

பெண்கள் ஆடிய கதையைச் சொல்லாவிட்டால் இந்த வேலை செய்ததற்கே அர்த்தமில்லை என்று நினைக்கிறேன். பழைய போட்டோக்களில் ஒன்றில் ஸ்கர்ட் போட்ட பள்ளிப் பெண்கள் மட்டையோடு நிற்கிறார்கள், பின்னால் எங்கள் கிளப் வலை. ஆண்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கேட்டால், "ஆமா, ஸ்கூல் பொண்ணுங்க வந்து பிராக்டிஸ் பண்ணுங்க" என்று ஒரு வரியில் முடித்தார்கள். அவர்களைத் தேடுவது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. காரணம் இனிஷியல். சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பலர் கணவர் பெயரின் எழுத்துக்கு மாறிவிடுகிறார்கள். ஊரும் மாறிவிடுகிறது. வாக்காளர் பட்டியலிலோ முகநூலிலோ பழைய பெயரைப் போட்டால் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள்.

எங்களுக்குக் கைகொடுத்த வழி அண்ணன் தம்பிகள். பெண்ணைத் தேடாமல், அவள் பிறந்த வீடு எது, அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தேடினோம். தெருவில் இருக்கும் வயதான அம்மாக்களிடம் கேட்டால் எந்த வீட்டுப் பெண் எந்த ஊருக்கு வாக்கப்பட்டாள் என்பது நொடியில் வந்துவிடும். அப்படிக் கிடைத்த அக்கா ஒருவர் ஆம்பூரில் இருக்கிறார். போட்டோவை எடுத்துப்போய்க் காட்டியபோது ஐந்து பேரின் பெயரையும், யார் எந்த இடத்தில் ஆடினார்கள் என்பதையும் சொன்னார். தானே ஃப்ரண்ட் ஆடியவர். "கல்யாணம் ஆனதும் மட்டையை அம்மா பரண்ல போட்டுட்டாங்க. ஒருத்தரும் இதுவரைக்கும் என்னைக் கேட்டதில்ல தம்பி" என்றார். அவர் வீட்டிலிருந்த சான்றிதழ்களில் மாநிலப் போட்டிக்குப் போனதற்கான தாள் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஆண்கள் அணிக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. புத்தகத்தில் அவர்களுக்குத் தனி அத்தியாயம் போட்டோம், பிறந்த வீட்டு இனிஷியலும் இப்போதைய இனிஷியலும் சேர்த்தே அச்சிட்டோம். கிளப் வரலாறு எழுதும் யாராக இருந்தாலும் இதை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

ஆட்டக்காரர் அல்லாதவர்களையும் கேளுங்கள். வலையையும் பந்து டப்பாவையும் தங்கள் வீட்டு நடையில் வைத்துப் பூட்டியவர்கள், வெளியூர் டீமுக்குச் சோறு பொங்கியவர்கள், சுண்ணாம்புக் கோடு போட்டவர்கள். கிளப்பின் அன்றாடம் இவர்களுக்குத்தான் தெரியும்.

கிளப் இரண்டாக உடைந்த கதையும் வந்தது. இரண்டு தரப்பிலும் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள், ஒரே தெருவில் இருக்கிறார்கள். நாங்கள் இரண்டு தரப்பையும் தனித்தனியாகப் பார்த்து, அவர்கள் சொன்னதை எழுதி, அவர்களிடமே படித்துக்காட்டி ஒப்புதல் வாங்கினோம். புத்தகத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நடுவர் வேலை நாம் பார்க்கக் கூடாது. ஒருவர், "என் பேரைப் போடாதே" என்றார், போடவில்லை. பணம் சம்பந்தமாக ஒருவர் மேல் ஒருவர் சொன்னதைத் தாள் ஆதாரம் இல்லாததால் சேர்க்கவில்லை.

இனி தாள்களைக் காப்பாற்றும் விஷயம். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். ஆற்றோர வீடுகளில் தண்ணீர் புகுந்தது. கிளப்பின் பழைய மினிட்ஸ் நோட்டு அப்படி ஒரு வீட்டில், மரப்பெட்டிக்குள் இருந்தது. நனைந்த நோட்டை வெயிலில் போடக் கூடாது, தாள் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். நிழலில், மின்விசிறிக் காற்றில், சில பக்கங்களுக்கு ஒரு தடவை அச்சில்லாத வெள்ளைத்தாளை வைத்து, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும். ஒன்றோடொன்று ஒட்டிய போட்டோக்களை ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் வைத்து மெதுவாகப் பிரிக்க வேண்டும். ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிரிக்கும்போது முகம் போய்விடும். பிரித்ததைப் படம் மேல்பக்கம் பார்க்க நிழலில் பரப்பிவிடலாம். அந்த நோட்டில் ஊற்றுப்பேனா மையில் எழுதிய பக்கங்கள் கரைந்துபோயின. பால்பாயிண்டில் எழுதியவை தப்பின. கரைந்த பக்கங்களைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துப் பார்த்ததில் பேனா அழுந்திய தடம் சில இடங்களில் படிக்க முடிந்தது.

போட்டோக்களை யாரும் தூக்கிக் கொடுத்துவிடமாட்டார்கள், கேட்கவும் கூடாது. அவர்கள் வீட்டிலேயே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், செல்போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கம் எடுத்த கையோடு பின்பக்கமும் எடுங்கள். ஸ்டுடியோ ரப்பர் ஸ்டாம்பு, பென்சிலில் எழுதிய பெயர், பழைய விலை எல்லாம் அங்கேதான் இருக்கும். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்து எடுங்கள். யார் யார் என்று பெயர் கேட்கும்போது இடமிருந்து வலம், நிற்பவர், உட்கார்ந்திருப்பவர் என்று அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே படத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டிப் பெயர் கேட்டால் நல்லது. இருவரும் ஒத்துப்போன பெயர்களை மட்டும் உறுதியாகப் போட்டோம், மற்றதில் கேள்விக்குறி போட்டோம். கேள்விக்குறி போட்டதால்தான் புத்தகம் வெளிவந்த பிறகு ஆட்கள் வந்து, "அது எங்க அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பத்திரிகைச் செய்திகளுக்குச் சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்கள் உண்டு. ஆனால் போட்டி நடந்த மாதமாவது தெரியாமல் போனால் தேடி மாளாது. அதைவிடப் பள்ளி ஆண்டுமலர்களும் கோயில் விழா மலர்களும் எங்களுக்கு அதிகம் கொடுத்தன. விளம்பரப் பக்கங்களில்கூட வாழ்த்து என்ற பெயரில் கிளப் நிர்வாகிகள் பட்டியல் இருக்கும்.

அச்சடிக்கக் காசு அதிகம் இல்லை. கொஞ்சம் பிரதிகள்தான் போட்டோம். ஆட்டக்காரர் குடும்பங்களுக்குப் போக, ஊர்க் கிளை நூலகத்துக்கும், எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளி நூலகங்களுக்கும், வேலூர் மாவட்ட மைய நூலகத்துக்கும் கொடுத்தோம். எடுத்த படங்களையும் பேட்டி ஒலிப்பதிவுகளையும் மூன்று வீடுகளில் மூன்று ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறோம். மூன்றும் ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டுத் தெருக்களில் உள்ள வீடுகள். மினிட்ஸ் நோட்டில் பிரியாமல் ஒட்டியிருக்கும் பக்கங்கள் இன்னும் பாக்கி. பெண்கள் அணிப் படத்தில் இருக்கும் ஐந்து பேரில் இரண்டு பேரின் பிறந்த வீடு தெரிந்துவிட்டது, வாக்கப்பட்ட ஊர் தெரியவில்லை. ஒருவர் திருப்பத்தூர்ப் பக்கம், இன்னொருவர் சித்தூர்ப் பக்கம் என்கிறார்கள். தை பிறந்ததும் அங்கே போகிறோம்.